‘உரிய பார்ட்டிஷன் இல்லை’: பாத்திரக்கடை பில்களைத் தரவுத்தளத்தில் ஏற்றிய அனுபவம்

பார்ட்டிஷன் செய்த, அதாவது பதிவுகளைப் பல துண்டுகளாகப் பிரித்துவைக்கும் அட்டவணையில் தரவை மொத்தமாக ஏற்றும்போது வரும் பிழைகளுக்குப் பெரும்பாலும் பார்ட்டிஷன் காரணமாக இருப்பதில்லை. தரவில் முன்பே இருந்த கோளாறு, ஒவ்வொரு பதிவும் தனக்குரிய இடத்தைத் தேடிப் போக வேண்டிய அந்தக் கட்டத்தில்தான் வெளியே தெரியவருகிறது. காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு தேவகோட்டையிலும் பொன்னமராவதியிலும் கிளை வைத்திருக்கும் ஒரு பாத்திரக்கடையின் பல ஆண்டு பில்களைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றிச் சீர்செய்யும் வேலை எங்களிடம் வந்தபோது இதை நெருங்கிப் பார்க்க நேர்ந்தது. எங்களுக்கு முன்னால் வேறொருவர் அந்த வேலையைச் செய்து, ‘எல்லாம் ஏறிவிட்டது’ என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். ஏறியது உண்மைதான், எங்கே ஏறியது என்பதில்தான் சிக்கல்.

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பெண் வீட்டார் கொடுக்கும் சீர்ச் சாமான்களில் எவர்சில்வரும் பித்தளையும் எவ்வளவு இடம்பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். ஒரே கல்யாணத்துக்கான பில் பல பக்கம் ஓடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் குவியும் பில்கள் ஆடியிலும் மார்கழியிலும் வற்றிவிடும். பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு பதிவு என்று கணக்கிட்டால், 2011 ஏப்ரல் தொடங்கி எல்லாக் கிளைகளுக்குமாக ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகள் இருந்தன. அட்டவணையை முதலில் கிளைப் பெயரை வைத்துப் பட்டியல் முறையிலும், ஒவ்வொரு கிளைக்குள்ளும் நிதியாண்டை வைத்து, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்ற வரம்பு முறையிலும் இரண்டு அடுக்காகப் பிரித்திருந்தார்கள். மாதவாரியாகப் பிரிக்காமல் ஆண்டுவாரியாகப் பிரித்தது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். மாதவாரியாகப் பிரித்திருந்தால் மார்கழிக்கென ஒரு பார்ட்டிஷன் ஏறக்குறைய காலியாகக் கிடந்திருக்கும்.

கடைக்காரர் சொன்ன குறைகள் இரண்டு. காரைக்குடிக் கிளையின் அறிக்கை வர நெடுநேரம் ஆகிறது என்பது ஒன்று. தேவகோட்டையின் விற்பனை கைப்பேரேட்டில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுகிறது என்பது மற்றொன்று. அட்டவணையைத் திறந்து பார்த்தவுடன் கண்ணில் பட்டவை டீஃபால்ட் பார்ட்டிஷன்கள். மேலடுக்கில் ஒன்றும், கிளைக்கு ஒன்று வீதம் கீழடுக்கில் மூன்றும் இருந்தன. 2018இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 11ஆம் பதிப்பில் வந்த இந்த வசதி, வேறு எந்தப் பார்ட்டிஷனிலும் அடங்காத பதிவுகளைப் பிழை காட்டாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். காரைக்குடியின் பதிவுகளில் மிகப் பெரும்பகுதி அதன் டீஃபால்ட்டில்தான் கிடந்தது. முதலில் ஏற்ற முயன்றபோது பிழை வந்திருக்கிறது. டீஃபால்ட்டைச் சேர்த்ததும் பிழை நின்றிருக்கிறது. அத்துடன் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டார்கள்.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது பிழையைத் திரும்ப வரவழைப்பது. சோதனைச் சர்வர் ஒன்றில் அதே அமைப்பை டீஃபால்ட் எதுவும் இல்லாமல் உருவாக்கி, மூலக் கோப்புகளை, கோப்பில் உள்ளதை மொத்தமாக அட்டவணைக்குள் இறக்கும் காப்பி கட்டளையால் மறுபடி ஏற்றினோம். பதிவுக்கு உரிய பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்ற செய்தி, 23514 என்ற பிழை எண்ணுடன் வந்தது. இந்தச் செய்தியை அவசரமில்லாமல் படிக்க வேண்டும், ஏனெனில் வேண்டிய விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. எந்த அட்டவணைக்குப் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று அது பெயர் சொல்கிறது. அந்தப் பெயர் எல்லாப் பார்ட்டிஷன்களையும் உள்ளடக்கிய தாய் அட்டவணையாக இருந்தால் கிளைப் பெயரில் கோளாறு, கிளையின் அட்டவணையாக இருந்தால் தேதியில் கோளாறு. அடுத்து வரும் விவர வரியில் அந்தப் பதிவின் பார்ட்டிஷன் சாவி மதிப்பும் (எதை வைத்துப் பிரிக்கிறோமோ அந்தக் கிளைப் பெயர் அல்லது தேதி), அதற்கடுத்த சூழல் வரியில் கோப்பின் வரி எண்ணும் இருக்கும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு ‘பார்ட்டிஷன் இல்லையாம், ஒன்றை உருவாக்கிவிடலாம்’ என்று கிளம்புகிறவர்கள், உருவாக்கிய பிறகும் அதே பிழையைப் பார்ப்பார்கள்.

காரைக்குடியின் பதிவுகளுக்கு வந்த செய்தி கிளை அட்டவணையைச் சுட்டியது. சாவியில் இருந்த தேதி 2014ஆம் ஆண்டின் ஒரு சாதாரண நாள். அந்த நிதியாண்டுக்குப் பார்ட்டிஷன் உருவாக்கும் கட்டளையும் முன்னவர் எழுதிய ஸ்கிரிப்டில் (கட்டளைத் தொகுப்பில்) இருந்தது. அதே கட்டளை தேவகோட்டைக்கு வேலை செய்தது. காரைக்குடிக்கு மட்டும் ஏன் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பார்ட்டிஷன்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, காரைக்குடிக்கு இரண்டே பார்ட்டிஷன்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் ‘201’ என்றும் ‘202’ என்றும் முடிந்தன.

போஸ்ட்கிரெஸில் ஒரு பெயரின் நீளம் 63 பைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாலைக் கத்தரித்துவிட்டு, கத்தரித்தேன் என்று ஓர் அறிவிப்பை மட்டும் தரும். ஆங்கிலப் பெயர்களில் இந்த எல்லையைத் தொடுவது அரிது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறியீடு, உயிர்க்குறிக்கு ஒரு குறியீடு, புள்ளிக்கும் ஒன்று. ‘பில்_தேவகோட்டை_ஆண்டு_2016’ என்ற பெயரை எண்ணினால் 61 பைட் வருகிறது, தப்பித்துக்கொள்கிறது. ‘பில்_காரைக்குடி_ஆண்டு_2016’ 64 பைட். ஒரே ஒரு பைட் கூடியதால் கடைசி 6 போய்விட்டது. 2011 முதல் 2019 வரையிலான ஒன்பது பெயர்களும் கத்தரித்த பிறகு ஒரே பெயராகிவிட்டன. பொன்னமராவதிக்கு 67 பைட் ஆகிறது. அங்கே ஆண்டு முழுவதுமே காணாமல் போயிருந்தது.

ஒரே பெயரில் இரண்டாவது அட்டவணையை உருவாக்க முயன்றால் ‘ஏற்கனவே உள்ளது’ என்று பிழை வந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்கிரிப்டை எழுதியவர் ‘இல்லையென்றால் மட்டும் உருவாக்கு’ என்ற சொற்றொடரை எல்லாக் கட்டளைகளிலும் சேர்த்திருந்தார். ஆகவே 2011க்கான பார்ட்டிஷன் முதலில் உருவாகியது. 2012க்கான கட்டளை, அதே பெயரில் ஒன்று இருப்பதைப் பார்த்து, அதன் வரம்பு என்ன என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் தாண்டிப் போய்விட்டது. பார்ட்டிஷன் உருவாக்கும் ஸ்கிரிப்டில் அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்துவதை நான் இப்போது எங்கேயும் அனுமதிப்பதில்லை. ஏற்கனவே இருப்பது நாம் எதிர்பார்க்கும் வரம்போடு இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. பெயர்களையும் ‘பில்_கா_2016’ என்பதுபோலச் சுருக்கிக்கொண்டோம். தமிழில் பெயர் வைப்பதில் தவறொன்றும் இல்லை. ஒரு பெயருக்கு அதிகபட்சம் 21 தமிழ்க் குறியீடுகள்தான் இடம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேவகோட்டையின் கதை வேறு. அங்கே செய்தி தாய் அட்டவணையைச் சுட்டியது. சாவியில் ‘தேவகோட்டை’ என்றே இருந்தது. பட்டியலில் உள்ள பார்ட்டிஷனின் மதிப்பும் ‘தேவகோட்டை’. இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. பைட் நீளத்தைக் கேட்டபோதுதான் ஒன்று 27 என்றும் மற்றது 30 என்றும் வந்தது. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துடன் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு முறை, ககரத்துடன் ஏகார இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். கடையின் பழைய பில்லிங் மென்பொருள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தியது. அதிலிருந்து மாற்றிக் கொடுத்த கருவி கொம்பையும் காலையும் பிரித்தே எழுதியிருந்தது. ‘பொன்னமராவதி’யின் முதலெழுத்திலும் இதே சிக்கல். காரைக்குடியில் ஒகரமும் ஓகாரமும் இல்லாததால் அது மட்டும் இதில் மாட்டவில்லை.

போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. எழுத்துகளை என்எஃப்சி என்ற, சேர்த்து எழுதும் சீரான வடிவத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் அது ஒரே குறியீடாகச் சேர்த்துவிடும். தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைக்கும் எந்த அட்டவணைக்கும் இதை ஏற்றும் முன்பே செய்துவிட வேண்டும். சொல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் நீக்க வேண்டும். சாதாரண டிரிம் கட்டளை, இணையப் பக்கங்களிலிருந்து வரும் உடையா இடைவெளியை (அந்த இடத்தில் வரி உடையாமல் தடுக்கும் தனி வகை இடைவெளியை) நீக்காது என்பதால் அதைத் தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு நாங்கள் கிளைப் பெயரைச் சாவியிலிருந்தே எடுத்துவிட்டோம். கிளைக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்துப் பிரித்தோம். மனிதர்கள் தட்டச்சு செய்யும் சொல்லை வைத்துப் பதிவுகளைப் பிரிப்பது தேவையில்லாத வம்பு என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்ன கோளாறுகளாவது பிழையாக வெளிப்பட்டன. பிழையே காட்டாத ஒன்று தேதியில் இருந்தது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது கடை புதிய மென்பொருளுக்கு மாறியது. அதற்கு முந்தைய மென்பொருள் நாளொன்றுக்கு ஒரு கோப்பாக, நாள்-மாதம்-ஆண்டு என்ற நம் வழக்கப்படி சாய்கோடு போட்டுத் தேதியை எழுதியது. சர்வரோ மாதம்-நாள்-ஆண்டு என்ற அமெரிக்க வழக்கப்படி படிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. 13/01/2016 என்று வந்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்று சர்வர் மறுத்துவிடும். தேதி வடிவ அமைப்பைப் பாருங்கள் என்ற குறிப்பையும் சேர்த்தே தரும். ஆனால் 05/01/2016 என்று வந்தால் அதை மே 1 என்று எடுத்துக்கொண்டு ஏற்றிவிடும். ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி முதலான கோப்புகள் மட்டும் பிழை காட்டியிருக்கின்றன. முன்னால் வேலை செய்தவர் அந்தக் கோப்புகளை மட்டும் திருத்தி ஏற்றியிருக்கிறார். முதல் பன்னிரண்டு நாள்களின் கோப்புகள், நாளும் மாதமும் ஒன்றாக அமைந்த தேதிகளைத் தவிர, எல்லாமே இடம் மாறிக் கிடந்தன. ஜனவரி 5ஆம் தேதி 2015-16 நிதியாண்டில் வருவது. மே 1 ஆனதால் 2016-17க்கான பார்ட்டிஷனுக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு உரிய வரம்பு இருந்ததால் எந்த எச்சரிக்கையும் எழவில்லை.

இதை முதலில் பார்த்தவர் கடையின் கணக்குப்பிள்ளை. நாள்வாரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, மே ஒண்ணாந் தேதி கடையைப் பூட்டியில்ல வச்சிருந்தோம்? இத்தனை பில்லு எங்கேருந்து வந்துச்சு?” என்றார். “ஐயா, அப்படியானால் ஜனவரி அஞ்சைப் பாருங்கள்” என்றேன். அந்த நாளுக்கு ஒரு பில்கூட இல்லை. நாளும் மாதமும் இடம் மாறும்போது நடப்பது வெறும் பரிமாற்றம்தான்: எல்லா மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள்களிலும் பில்கள் இருக்கும், ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டின் கூட்டுத்தொகை மாறாது, பதிவுகளின் எண்ணிக்கையும் மாறாது. ஆகையால் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைகிறவர்களுக்கு இந்தக் கோளாறு ஒருநாளும் தெரியாது. கடை விடுமுறை நாள்களைப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட உறுதியான வழி பில் எண்: கிளைவாரியாக, ஆண்டுவாரியாகப் பில் எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பில்லின் தேதியையும் அதற்கு முந்தைய பில்லின் தேதியோடு ஒப்பிட்டால், பின்னோக்கிப் போகும் இடங்களெல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. திருத்தமோ எளிது: ஏற்றுவதற்கு முன் அந்த அமர்வில் (தரவுத்தள இணைப்பில்) தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று அமைத்துக்கொண்டால் போதும்.

புதிய மென்பொருளின் கோப்புகளில் தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ வடிவில் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை. வரிக்கான நெடுவரிசைகள் கூடியிருந்ததால் ‘கடைசி நெடுவரிசைக்குப் பிறகும் தரவு உள்ளது’ என்ற பிழை வந்தது. அந்த நெடுவரிசைகளை அட்டவணையிலும் சேர்த்து, காப்பி கட்டளையில் நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி எழுதியதும் தீர்ந்தது. நேர மண்டலத்தில் மட்டும் ஒரு சிறு கண்ணி இருந்தது. பில் நேரம் நேர மண்டலத்துடன் கூடிய வகையில் இருந்தது. பார்ட்டிஷன்களை உருவாக்கிய அமர்வோ உலகப் பொது நேரத்தில் இருந்தது. ஆகவே ஏப்ரல் 1 என்ற எல்லை நமக்கு அன்று காலை 5.30 ஆகிவிட்டது. நள்ளிரவு தாண்டி ஓடும் கணக்கு முடிப்புப் பதிவுகள் முந்தைய ஆண்டில் போய் விழுந்தன. எல்லைகளை இந்திய நேரத்தில் எழுதியபின் அவை சரியாயின. எல்லையைப் பற்றி இன்னொன்று: வரம்பின் தொடக்க மதிப்பு அந்தப் பார்ட்டிஷனில் சேர்த்தி, முடிவு மதிப்பு சேர்த்தி இல்லை. மார்ச் 31 வரை என்று நினைத்து மார்ச் 31ஐயே முடிவாக எழுதினால் அந்த ஒரு நாளின் விற்பனை மட்டும் வெளியே நிற்கும். ஏப்ரல் 1 என்றுதான் எழுத வேண்டும்.

உண்மையான அட்டவணையைச் சரிசெய்யும்போது டீஃபால்ட் மீண்டும் குறுக்கே வந்தது. காரைக்குடிக்கு விடுபட்ட ஆண்டுகளுக்குப் பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், டீஃபால்ட்டில் உள்ள சில பதிவுகள் புதிய வரம்புக்குள் வருகின்றன என்று சொல்லித் தரவுத்தளம் மறுத்தது. அது நியாயம்தான், ஒரே வரம்புக்கு உரிய பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. டீஃபால்ட்டைத் தாய் அட்டவணையிலிருந்து பிரித்தெடுத்துத் தனி அட்டவணையாக்கி, விடுபட்ட பார்ட்டிஷன்களை உருவாக்கி, பிரித்தெடுத்ததிலிருந்து பதிவுகளைத் தாய் வழியாகவே மறுபடி செருகினோம். இதற்குக் கடை மூடிய பிறகான நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. டீஃபால்ட் இருக்கும்வரை, புதிய பார்ட்டிஷன் ஒவ்வொன்றுக்கும் அதைப் பூட்டி முழுவதுமாகத் தேடிப் பார்க்கிறது. பெரிய டீஃபால்ட்டாக இருந்தால் அது முடியும்வரை பில் போடுகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இனி ஏற்றும் முறை. கோப்பை நேராகப் பார்ட்டிஷன் அட்டவணைக்கு அனுப்புவதை விட்டுவிட்டோம். எல்லா நெடுவரிசைகளும் உரை வகையாகவே உள்ள ஓர் இடைநிலை அட்டவணையில் கோப்பு அப்படியே இறங்குகிறது; கோப்பின் பெயரும் வரி எண்ணும் கூடவே பதிவாகின்றன. அங்கேயே எழுத்துச் சீரமைப்பும் தேதி மாற்றமும் நடக்கின்றன. பிறகு, எந்தப் பார்ட்டிஷனிலும் அடங்காத பதிவுகளை ஒரு வினவலால் பிரித்து நிராகரிப்பு அட்டவணைக்கு அனுப்பிவிட்டு, மீதியை மட்டும் ஏற்றுகிறோம். இதற்கு ஒரு காரணம் உண்டு: காப்பி கட்டளை எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற வகையைச் சேர்ந்தது. பல லட்சம் பதிவுகளை ஏற்றிவிட்டுக் கடைசியில் ஒன்று பிசகினாலும் எதுவும் மிஞ்சாது. ஆனால் அதுவரை எழுதப்பட்டவை வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும், பயனற்ற பதிவுகளை அகற்றும் வேக்யூம் ஓடிய பிறகே அந்த இடம் மறுபயன்பாட்டுக்கு வரும். 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் பிழையான பதிவுகளைத் தாண்டிச் செல்லும் வசதி காப்பி கட்டளைக்கு வந்திருக்கிறது என்றாலும், உரையைத் தேதியாகவோ எண்ணாகவோ மாற்ற முடியாத பதிவுகளைத்தான் அது தாண்டும். பார்ட்டிஷன் கிடைக்காத பதிவைத் தாண்டாது. அதை நம்பி இடைநிலை அட்டவணையைக் கைவிடுவது சரியாக இருக்காது.

பழைய ஆண்டு ஒன்றை முழுதாக ஏற்றும்போது, தனி அட்டவணையில் ஏற்றி, தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் எல்லாம் கட்டிய பிறகு பார்ட்டிஷனாக இணைப்பது வேகமானது. இணைக்கும்போது தரவுத்தளம் எல்லாப் பதிவுகளும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று முழுவதையும் படித்துப் பார்க்கும். அதே வரம்பைச் சொல்லும் செக் கட்டுப்பாடு முன்கூட்டியே இருந்தால் அந்தப் படிப்பு தேவைப்படாது. தேதி வெறுமையாக இருக்கக் கூடாது என்பதும் அந்தக் கட்டுப்பாட்டிலோ நெடுவரிசையிலோ சொல்லப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் வரம்புப் பார்ட்டிஷன் வெறுமையான சாவியை ஏற்பதில்லை. ரத்தான பில்களுக்குப் பழைய மென்பொருள் தேதியே எழுதாமல் விட்டிருந்ததை இந்த இடத்தில்தான் கண்டோம்.

ஏற்றி முடித்தபின் தாய் அட்டவணைக்கு, தரவைப் பற்றிய புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸ் கட்டளையை நாமே ஓட்ட வேண்டும். தானியங்கி வேக்யூம் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் புள்ளிவிவரம் திரட்டும், தாய்க்குத் திரட்டாது. காரைக்குடி அறிக்கையின் வேகம் பார்ட்டிஷன்கள் சரியானதும் பெரிதும் கூடியது. மூன்று கிளைகளையும் சேர்த்துப் பார்க்கும் அறிக்கை மட்டும் மந்தமாகவே இருந்து, இதைச் செய்த பிறகுதான் சரியானது.

இப்போது டீஃபால்ட் பார்ட்டிஷன் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் மார்ச் முதல் வாரத்தில் அடுத்த நிதியாண்டுக்கான பார்ட்டிஷன்களை ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. உருவான பிறகு பெயர்களையும் வரம்புகளையும் பட்டியலிட்டுக் கணக்குப்பிள்ளைக்கும் எனக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறது. நிராகரிப்பு அட்டவணையில் சில நூறு பதிவுகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் தேதி இல்லாத ரத்துப் பில்கள். அவற்றைக் கைப்பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, ஆடி மாதம் கடையில் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொன்றாகத் தேதி போட்டுத் தருவதாகக் கணக்குப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.